பேட் ஒலிக்கு எந்தப் பழைய இறாக்கைப் பெட்டி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சியில் இருந்து கீபோர்ட் வாசிக்கிறவன். கோவில் திருவிழா, தேவாலயப் பாடகர் குழு, கலியாண மண்டபம் என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போவேன். மழைக்காலத்தில் மேடை குறைந்துவிட்டால் வீட்டு முன்னறையில் ஏதாவது பதிவு செய்வேன். இப்போது என்னிடம் மூன்று பழைய சின்தசைசர் (மின்சாரத்தால் ஒலியை உற்பத்தி செய்கிற கருவி) பெட்டிகள் இருக்கின்றன. வந்து போனவை இன்னும் சில. தம்பிமார் கேட்கிற கேள்விகள் சுற்றிச் சுற்றி அதேதான் என்பதால், பதில்களை ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

முதலில், பேட் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாடுகிறவருக்குப் பின்னால் விரிந்து நிற்கிற நீண்ட ஒலியை. ஆர்மோனியக்காரர் துருத்தியை மெதுவாக இழுத்தபடி சுரத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பாரே, அதே வேலைதான். பாட்டுத் தொடங்கினால் துருத்தி தணியும், பாடகர் மூச்சு வாங்கினால் கொஞ்சம் எழும்பும். அப்படித் தணியத் தெரியாத பேட், தனியாகக் கேட்க எவ்வளவு வடிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கீழே எந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னாலும் இந்தக் கணக்கில்தான் சொல்கிறேன்.

இறாக்கைப் பெட்டி என்றால்?

விசைப்பலகை இல்லாத சின்தசைசர். 19 அங்குல அகலம், இறாக்கையில் (தட்டுத் தட்டாகக் கருவிகளை அடுக்குகிற சட்டம்) திருகாணி போட்டுப் பூட்டலாம். எந்த விசையை அழுத்தினீர்கள் என்று சொல்கிற மிடி வயர் ஒன்று உங்கள் கீபோர்டிலிருந்து இதற்குப் போகும், ஒலி இதிலிருந்து வரும். விசை இல்லாததால் விசைக்குரிய நோய்களும் இல்லை. ரோலண்ட் நிறுவனத்தின் ஜேடி-800 கீபோர்டில் விசைகளின் அடியில் எடையை ஒட்டிய சிவப்புப் பசை வருடங்கள் போக உருகி உள்ளே வழியும்; அதன் இறாக்கைத் தம்பி ஜேடி-990க்கு அந்தத் தொல்லை கிடையாது.

இதெல்லாம் இப்போது மென்பொருளாகவே கிடைக்கிறதே, பிறகேன் இரும்பைச் சுமக்க வேண்டும்?

கட்டாயம் இல்லை. டி-50, ஜேவி-1080 என்ற தன் பழைய சின்தசைசர்கள் இரண்டையும் ரோலண்டே மென்பொருளாக விற்கிறது. தன் வேவ்ஸ்டேஷன் என்ற சின்தசைசரை கோர்க் நிறுவனம் கணினிக்கும் ஐபாட்டுக்கும் தருகிறது. 2017இல் வந்த ரோலண்ட் டி-05 என்ற சின்னப் பெட்டி, டி-50இன் ஒலிகளை அப்படியே ஏற்றுக்கொள்ளும். வீட்டில் பதிவு மட்டும் செய்கிறீர்கள், நல்ல மடிக்கணினியும் இருக்கிறது என்றால் அதோடு நில்லுங்கள்.

நான் பெட்டியோடு நிற்பது மேடைக்காக. ஜெனரேட்டர் ஒருமுறை இருமினால் மடிக்கணினியும் அதோடு கோத்த சாமான்களும் திரும்ப எழும்பி வர நிமிடக்கணக்கில் ஆகும். பெட்டி சில விநாடியில் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு, அது வெறும் ஆசை. 1990களில் வன்னியில் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். அந்தப் பாட்டுகளின் பின்னால் மினுங்கிய ஒலி எதிலிருந்து வந்தது என்று அப்போது எங்களுக்கு யார் சொல்வது? இப்போது அந்தச் சாமானையே கையால் தொட ஆசைப்படுகிறேன்.

அண்ணை, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று என்றால் எது?

மேடைக்கு ரோலண்ட் ஜேவி-1080. முன்னறைக்கு ரோலண்ட் டி-550. தனியாக இருந்து ஒரு சுரத்தை அழுத்திவிட்டு அது உருமாறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் என்றால் கோர்க் வேவ்ஸ்டேஷன்.

டி-550இல் அப்படி என்ன இருக்கிறது?

1987இல் வந்த டி-50 கீபோர்டின் இறாக்கை வடிவம் இது. அந்தக் காலத்தில் நினைவக சிப் யானை விலை. ஒரு வாத்தியத்தின் ஒலியை முழுதாகப் பதிந்து வைக்க முடியாது. ரோலண்ட்காரர் பார்த்தார்கள்: காது ஒரு வாத்தியத்தை அடையாளம் பிடிப்பது முக்கியமாக அதன் தொடக்கத்தை வைத்து. அதனால் தொடக்கத்தை மட்டும் சின்னத் துண்டாகப் பதிந்தார்கள், மீதியைச் சின்தசைசரே உற்பத்தி செய்து ஒட்டிவிடும். பதிந்த துண்டுகள் மொத்தம் 100. சிக்கனத்துக்குச் செய்த இந்த ஒட்டுவேலைதான் பேட் ஒலிக்கு வரமாக வந்தது. முன்னால் ஒரு மணிச் சிதறல் அல்லது மூச்சுக்காற்று, பின்னால் மெல்ல விரிகிற பாய். அதற்கு மேல் பெட்டிக்குள்ளேயே கோரசும் (ஒலியை இரட்டித்து அகலமாக்குவது) ரிவேர்ப்பும் (மண்டப எதிரொலி). ஃபான்டேசியா, சவுண்ட்ட்ராக் என்கிற அதன் தயார் ஒலிகளைப் பெயர் தெரியாமலேயே நீங்கள் நூறு தடவை கேட்டிருப்பீர்கள்.

தயார் ஒலியோடு நிற்காமல் ஒன்றைக் கையால் கட்டிப் பார்க்கலாம். டி-550இல் ஓர் ஒலிக்கு மேல், கீழ் என்று இரண்டு பாகம். ஒவ்வொரு பாகத்திலும் இரண்டு துணுக்கு. கீழ்ப்பாகத்தின் இரண்டு துணுக்கையும் சின்தசைசர் வகையாக்கி ரம்பப்பல் அலையில் வையுங்கள். ஒன்றின் சுருதியை மற்றதிலிருந்து மயிரளவு விலக்குங்கள். ஒலியின் கூர்மையை வெட்டுகிற ஃபில்டரை முக்கால்வாசி மூடி, அது திறக்க இரண்டு விநாடி எடுக்கிற மாதிரி என்வலப்பை (நேரத்தோடு ஏறி இறங்குவதை வைக்கிற அமைப்பு) நீட்டுங்கள். இது பாய். மேற்பாகத்தில் பதிந்த துண்டுகளில் மூச்சுச் சத்தம் மாதிரி ஒன்றை எடுத்து, கேட்டும் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். பதிந்த துண்டு ஃபில்டர் வழியாகப் போகாது. அதன் கூர்மையைத் தணிக்க வேண்டுமென்றால் சத்தத்தைத்தான் குறைக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு பின்னேரம் முழுக்க ஃபில்டரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் கோரஸ், பிறகு கொஞ்சம் ரிவேர்ப். இவ்வளவுதான்.

குறை என்ன? இதை எல்லாம் சின்னத் திரையைப் பார்த்து, பொத்தானை அழுத்தி அழுத்திச் செய்ய வேண்டும். பிஜி-1000 என்று இதற்கென்றே ஒரு நகர்த்திப் பலகை இருந்தது, இப்போது அதன் விலைக்கு இன்னொரு பெட்டி வாங்கலாம். கணினியிலிருந்து மிடி வழியே மாற்றுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அதுதான் நடக்கிற வழி.

டி-110 மலிவாக வருகிறதே, டி-550க்குப் பதில் அது போதாதா?

போதாது. குடும்பம் ஒன்று, பிள்ளை வேறு. டி-110 ஒரே நேரத்தில் பல வாத்தியம் வாசிக்கவென்று செய்தது. கோரஸ் கிடையாது, ரிவேர்ப் மட்டும்தான், இரைச்சலும் அதிகம். "டி-50 ஒலி" என்று யாராவது இதை விற்க வந்தால் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஜேவி-1080ஐ மேடைக்கு ஏன் சொல்கிறீர்கள்?

1994இல் வந்தது. 64 குரல் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கை, கணக்கு கீழே வரும்), உள்ளே ஒலி அட்டை செருக நாலு இடம். எந்தக் கச்சேரிக்கும் எதையாவது தரும்: வயலின் கூட்டம், ஆண் பெண் குரல், சூடான பழைய அனலாக் மாதிரி பேட், எல்லாம். மேதை என்று சொல்ல மாட்டேன். வேலைக்காரன். எல்லாம் அளவாக, முன்னால் தள்ளாமல் ஒலிக்கும்; பாடகருக்குப் பின்னால் எனக்கு வேண்டியதும் அதுதான். நிறைய விற்ற பெட்டி என்பதால் பாவித்ததைத் தேடிப் பிடிப்பதும் லேசு.

ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுகிறார்கள். ஒலியைத் தனியாகக் கேட்கும்போது அதற்கென்று ஒரு எஃபெக்ட் (கோரஸ் மாதிரி ஒலிக்கு மேல் போடுகிற மெருகு) முழுதாகக் கிடைக்கும். பல ஒலிகளைச் சேர்த்து வைக்கும் நிலைக்குப் போனால் அந்தப் பெரிய எஃபெக்ட் ஒன்றுதான் எல்லோருக்கும் பொது. வீட்டில் தேனாக இருந்த பேட் மேடையில் காய்ந்த ரொட்டி ஆகிவிட்டது என்றால் காரணம் இதுதான். பேட்டுக்கு எஃபெக்டைக் கொடுத்துவிட்டு மற்ற ஒலிகளைப் பொதுக் கோரஸ், ரிவேர்ப்போடு விடுங்கள். ஜேவி-2080 (1997) அப்படியான எஃபெக்ட் மூன்று தரும், அட்டைக்கு எட்டு இடம், திரையும் பெரிது. விலை வித்தியாசம் சின்னதென்றால் அதையே எடுங்கள். ஜேவி-880 சின்னது, இறாக்கையில் ஒற்றைத் தட்டு உயரம், 28 குரல். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். எக்ஸ்வி-5080இல் 128 குரல், விலையும் அதற்கேற்றபடி.

அட்டைகளைப் பற்றி ஒரு சொல்: பழைய சின்தசைசர் ஒலிகள் உள்ள வின்டேஜ் சின்த் அட்டைதான் பேட்டுக்கு உதவும். ஆசிய வாத்தியங்கள் உள்ள அட்டை ஒன்றும் உண்டு. சித்தார் கேட்டு ஆசைப்படுவீர்கள். பேட்டுக்கு அதில் வேலை குறைவு.

ஜேடி-990 பற்றி எல்லோரும் உருகுகிறார்களே?

உருகலாம், தப்பில்லை. 1993இல் வந்தது. ஜேவியின் அளவான குரலுக்குப் பதில் கண்ணாடி மாதிரி தெளிவும் பளபளப்பும். அந்த வின்டேஜ் சின்த் அட்டையை இதில் செருகினால் இதற்கென்றே செய்த ஒலிகள் திறக்கும். ஆனால் 24 குரல்தான், விலையும் ஏறிப்போய் நிற்கிறது. ஒருவர் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்து வாசித்தேன்; திருப்பிக் கொடுக்க மனமில்லை. வாங்கவும் இல்லை.

வேவ்ஸ்டேஷனில் ஏ/டி, எஸ்ஆர் என்று இரண்டு இருக்கிறதே, எது?

கை வைத்து ஒலி செய்கிறவருக்கு ஏ/டி. தயார் ஒலிகளைத் தேடித் தேடி வாசிக்கிறவருக்கு எஸ்ஆர்.

வேவ்ஸ்டேஷன் கீபோர்ட் 1990இல் வந்தது. சீக்வென்ஷியல் என்ற சின்தசைசர் நிறுவனத்தில் அதன் நிறுவனர் டேவ் ஸ்மித்தோடு வேலை செய்தவர்களை கோர்க் சேர்த்துக்கொண்ட பிறகு செய்த கருவி அது. நாலு ஒலியை ஒரு சதுரத்தின் நாலு மூலையில் வைத்து, ஜாய்ஸ்டிக்கால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகரலாம். இன்னும் ஒரு படி மேலே, அலைகளை மாலை மாதிரி கோத்து, ஒன்று மங்க மற்றது எழும்புகிறபடி ஓட விடலாம். ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தால் போதும், உள்ளே ஏதோ நடந்துகொண்டே இருக்கும். காற்றில்லாத நேரத்தில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று தண்ணீரைப் பாருங்கள். அசையவில்லை என்று தோன்றும், அசைந்துகொண்டுதான் இருக்கும். அந்த மாதிரி.

ஏ/டி 1991இல் வந்தது, ஜாய்ஸ்டிக் இருக்கிறது, பெரிய திரை, வெளியிலிருந்து மைக்கையோ வாத்தியத்தையோ உள்ளே எடுத்து அதன் எஃபெக்ட் வழியே விடலாம். எஸ்ஆர் ஒற்றைத் தட்டு, ஜாய்ஸ்டிக் இல்லை, இரண்டு வரித் திரை. அந்தத் திரையில் அலைமாலை கோக்கிறவருக்குப் பொறுமைக்கென்று தனிப் பரிசு கொடுக்க வேண்டும். இரண்டிலும் ஃபில்டருக்கு ரெசனன்ஸ் கிடையாது. ஃபில்டர் சீறுகிற சத்தத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

மேடையில் இதை நான் மிக அளவாகத்தான் எடுப்பேன். தானாக அசைகிற ஒலிக்குத் தனக்கென்று ஒரு தாளம் இருக்கும். தவிலோ டிரம்ஸோ அதற்கு ஒத்துப்போகாது. மாலையின் ஓட்டத்தை மிடி வேகத்தோடு பூட்டலாம், ஆனால் எங்கள் ஊர் மேடையில் வேகத்தை முடிவு செய்வது கணினி இல்லையே.

கோர்க் எம்1ஆர்?

1988இன் எம்1, இறாக்கை வடிவில். அதன் பியானோ ஒலியும் ஆர்கன் ஒலியும் பேர் பெற்றவை. பேட் நல்லது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒலி. 16 குரல். கையில் இருந்தால் வாசியுங்கள், தேடிப் போக வேண்டாம்.

யமஹா?

இலங்கை வழக்கப்படி டிவியை ரிவி என்று எழுதுகிற மாதிரி இங்கும் TX என்பதை ரிஎக்ஸ் என்று எழுதுகிறேன், யமஹாவின் டிஎக்ஸ்7 (DX7) வகையறாவோடு குழம்பாமல் இருக்க. ரிஎக்ஸ்802 (1987) ஆறு ஆபரேட்டர் எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையை ஆட்டி ஒலி செய்கிற முறை, ஒவ்வோர் அலையும் ஓர் ஆபரேட்டர்), 16 குரல், எட்டு ஒலி ஒரே நேரத்தில். ஃபில்டரும் இல்லை, எஃபெக்டும் இல்லை. வெளியில் ஒரு கோரஸ், ரிவேர்ப் பெட்டி பூட்டினால்தான் பேட் உயிர்பெறும். ஆனால் அதற்குப் பிறகு வருகிற வெண்கல மினுக்கம் வேறெதிலும் வராது. ஒரே ஒலியை இரண்டு பாகத்தில் வைத்து, சுருதியைச் சற்றே விலக்கி, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் விடுங்கள். கோரஸ் பெட்டி இல்லாத குறை பாதி தீரும்.

ரிஎக்ஸ்81இசெட் மலிவு, எட்டுக் குரல். பேட்டுக்கு நோஞ்சான். ரிஜி77 (1990) எஃப்எம்மையும் பதிந்த ஒலியையும் கலக்கிற பெரிய பெட்டி. ஆழமானது, அழகானது, ஆனால் கற்றுக்கொள்ள ஒரு மாரிகாலம் வேண்டும். திரையின் பின்வெளிச்சம் இந்த வயதில் மங்கியே இருக்கும், வாங்குமுன் கேளுங்கள்.

இமூ?

இமூ நிறுவனத்தின் புரோட்டியஸ் (1989) ஒற்றைத் தட்டு, 32 குரல், ஃபில்டர் இல்லை, எஃபெக்ட் இல்லை. வயலின் கூட்டம் பரவாயில்லை, பேட் தட்டை. மார்ஃபியஸ் (1993) வேறு சாதி: ஃபில்டர் வடிவங்கள் கிட்டத்தட்ட 200, ஒன்றிலிருந்து மற்றதுக்கு மெல்ல உருமாறும். பேட் ஒன்று "ஆ" என்று திறந்து "ஈ" என்று மூடுவதை அதில்தான் முதலில் கேட்டேன். வித்தியாசம் தேடுகிறவருக்கு வேவ்ஸ்டேஷனுக்கு நல்ல மாற்று. அதை ஒற்றைக் குமிழால் திருத்துவது கிணற்றைக் கரண்டியால் இறைக்கிற வேலை.

"குரல் எண்ணிக்கை" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். பேட்டுக்கு எத்தனை வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், ஏனென்றால் இதில் நான் மேடையிலேயே அவமானப்பட்டிருக்கிறேன்.

பெட்டியில் எழுதியிருக்கிற எண் நீங்கள் அழுத்தக்கூடிய விசைகளின் எண் இல்லை. டி-550இல் 16 குரல் என்பார்கள். மேல், கீழ் இரண்டு பாகமும் சேர்ந்த ஒலி என்றால் எட்டு விசைதான். ஜேவி-1080இன் 64 குரல், நாலு அடுக்கு ஒலிக்கு 16 விசை. அதே நாலு அடுக்கு ஜேவி-880இல் ஏழு, ஜேடி-990இல் ஆறு. வேவ்ஸ்டேஷனின் 32 குரல், நாலு மூலையும் ஓடுகிற ஒலிக்கு எட்டு. அப்படியான இரண்டை அடுக்கினால் நாலே நாலு விசை.

எட்டு விசை போதாதா, கையில் பத்து விரல்தானே என்பீர்கள். பேட்டில் விரலை எடுத்த பிறகும் சுரம் சாவதில்லை. ரிலீஸ் (விரலை எடுத்தபின் ஒலி மங்கி முடிய எடுக்கிற நேரம்) முடியும்வரை அது குரலைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு திருவிழா மேடை. டி-550இல் ரிலீஸ் நாலு விநாடி இருக்கிற பேட். இடக்கையில் ச, ப இரண்டும் பிடித்தபடி, வலக்கையில் நாலு சுரம். ஆறு. பாடகி பல்லவியை முடித்து மேலே போகிறார், வலக்கையை மாற்றுகிறேன். பழைய நாலும் இன்னும் மங்கிக்கொண்டு இருக்கின்றன, புதிய நாலு உள்ளே வருகின்றன. ஆறும் நாலும் பத்து, பெட்டியில் எட்டு. அது யாரையாவது வெளியே தள்ள வேண்டும். அன்றைக்குத் தள்ளியது இடக்கைச் ச. பாடகியின் காலடியிலிருந்த பாயை யாரோ உருவின மாதிரி ஆதாரசுருதி டக்கென்று போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம்.

வைத்தியம் சிம்பிள். ரிலீசை ஒரு விநாடிக்கும் கீழே குறையுங்கள், மங்குகிற வாலை ரிவேர்ப்பிடம் விடுங்கள். ரிவேர்ப் எவ்வளவு நீண்டாலும் ஒரு குரலையும் தின்னாது. காதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆதாரசுருதியை வேறொரு பெட்டியிலோ சுருதிப் பெட்டியிலோ விடுவது இன்னும் பத்திரம்.

வீட்டில் கடல் மாதிரி இருந்த பேட் திருவிழாவில் நுளம்பு மாதிரி கேட்கிறது. பெட்டி சரியில்லையா?

பெட்டி சரி. இரண்டு காரணம் இருக்கலாம்.

ஒன்று, பனையிலும் கம்பத்திலும் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி. அதன் வாயிலிருந்து கீழ்ச்சுரம் வராது. ஒரு ஸ்தாயி மேலே, நடுப்பகுதியில் வாசியுங்கள். இடக்கைக் கீழ்ச்சுரங்களால் பயனில்லை.

மற்றது, ஒலி அமைப்புக்காரர் இடம், வலம் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே ஒலியாகத்தான் விடுவார். கோரஸ் பேட்டை அகலமாக்குவது இரண்டு பக்கத்துக்கும் இடையில் சின்ன நேர வித்தியாசத்தை உண்டாக்கித்தான். இரண்டையும் ஒன்றில் கலந்தால் சில இடம் ஒன்றையொன்று தின்றுவிடும், ஒலி குடைந்து மெலியும். இரண்டு வயரும் கொடுக்காமல், மோனோ என்று எழுதியிருக்கிற துளையில் மட்டும் ஒரு வயர் குத்துங்கள். கோரசின் ஆழத்தையும் பாதியாக்குங்கள். வீட்டிலேயே ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்து ஒலியை முடிவு செய்துவிட்டுப் போவது என் வழக்கம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: மண்டபத்தில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் பேட் பாடகரை மூடிவிடும். அப்போது அடிச்சத்தத்தைச் சுமார் 200 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்டுங்கள், ஃபில்டரை இன்னும் மூடுங்கள், காலில் ஒரு வால்யூம் பெடல் வையுங்கள். துருத்தி தணிகிற மாதிரி தணிக்க அந்தப் பெடல் ஒன்றுதான் வழி.

நாதஸ்வரத்தோடு சேர்த்து வாசிக்கலாமா?

வாசிக்கலாம், ஆனால் சுருதியை நீங்கள்தான் அவரிடம் போய் எடுக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் மொத்தச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்க இடம் உண்டு. தொடங்குமுன் ஒரு ச வாங்கிப் பொருத்துங்கள், சுருதி விலக்கின கோரசைக் குறையுங்கள். ச, ப மட்டும் பிடியுங்கள். கமகத்துக்குக் கீழே மேற்கத்திய கோர்ட் (சுரக்கூட்டு) பிடித்தால் இரண்டு பேருக்கும் அவதி. வேவ்ஸ்டேஷனிலும் ரிஎக்ஸ்802இலும் சம இடைவெளி அல்லாத சுரவரிசைகளையும் வைக்கலாம். ப சுத்தமாக நின்றால் வித்தியாசம் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் அப்படியே கரண்டில் குத்தலாமா?

பின்னால் ஒட்டியிருக்கிற தகட்டை வாசிக்காமல் குத்த வேண்டாம். எங்களுடையது 230 வோல்ட். லண்டன் சித்தியோ சுவிஸ் மாமாவோ அனுப்பினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கனடா என்றால் 120. ஜப்பானிலிருந்து ஏலத்தில் எடுத்தது என்றால் 100. அந்தப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது பழைய மாதிரி டிரான்ஸ்ஃபோர்மர். இரட்டிப்பு வோல்ட் ஏற்றினால் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் சுருளே கருகும். கருகின வார்னிஷ் மணம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. மறக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வோல்ட் இறக்குகிற டிரான்ஸ்ஃபோர்மர் ஒன்று வாங்குங்கள். ஜப்பான் பெட்டிக்கு 100 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். 110 கொடுத்தாலும் ஓடும், ஆனால் உள்ளே சூடு கூடும், எங்கள் ஊரில் சூடு ஏற்கெனவே போதும். 50 ஹேர்ட்ஸ் பற்றி ஜப்பான் பெட்டிக்குக் கவலை வேண்டாம்: தோக்கியோப் பக்கம் 50, ஒசாகாப் பக்கம் 60 என்று அங்கேயே இரண்டும் இருப்பதால் இரண்டுக்கும் தாங்குகிற மாதிரித்தான் செய்வார்கள். அந்த டிரான்ஸ்ஃபோர்மரில் "இது கீபோர்டுக்கு" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். யாராவது கழற்றி வைத்துவிட்டு நேரே குத்துவார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

பற்றரி செத்தால் ஒலி எல்லாம் போய்விடுமா?

நீங்கள் எழுதிய ஒலிகள் போகும். உள்ளே 3 வோல்ட் நாணயப் பற்றரி ஒன்று நினைவகத்தைக் காக்கிறது. ஜேவியில் தொழிற்சாலை ஒலிகள் அழியாத சிப்பில் இருப்பதால் அவை தப்பும். டி-550இல் 64 இடமும் எழுதி அழிக்கிற நினைவகம். ஃபான்டேசியாவும் சேர்ந்து போகும். பயப்பட வேண்டாம், மிடி வழியே கணினியிலிருந்து திரும்ப ஏற்றலாம். பெட்டி வந்த அன்றைக்கே உள்ளே இருப்பதைக் கணினிக்கு எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பற்றரியை மாற்றுங்கள். சிலவற்றில் பற்றரி ஈயத்தால் ஒட்டியிருக்கும். கை நடுங்கினால் ரேடியோ திருத்துகிறவரிடம் கொடுங்கள்.

என் கீபோர்டில் வட்டத் துளை மிடி இல்லையே?

புதிய மலிவு கீபோர்டுகளில் பின்னால் யூஎஸ்பி ஒன்றுதான். அதை நேரே பழைய பெட்டிக்குக் குத்த முடியாது. யூஎஸ்பி ஹோஸ்ட் மிடிப் பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். வெறும் யூஎஸ்பி மிடி வயர் கணினிக்கு மட்டும் உதவும். இரண்டையும் குழப்பிக் காசைக் கரைத்தவர்கள் பலர்.

பாவித்த பெட்டியை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கரண்டைப் போட்டு அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். சூடான பிறகுதான் உண்மை வரும். எல்லாப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள். குமிழைச் சுற்றினால் எண் முன்னும் பின்னும் தாவாமல் ஒழுங்காக ஏறுகிறதா பாருங்கள். சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் அது அழுக்கு, துடைத்தால் போகும். ஒரு பேட்டை அழுத்திப் பிடித்து, முழுதாக மங்கும்வரை ஹெட்போனில் கேளுங்கள். கடைசியில் மிஞ்சுகிற இரைச்சலும் உர்ர் என்கிற சத்தமும் அங்கேதான் தெரியும்.

எங்கள் வெயிலிலும் புழுதியிலும் தாங்குமா?

தாங்கும், மூடி வைக்காவிட்டால். பிளாஸ்டிக் உறை போட்டபடி ஓட விடாதீர்கள். வெயிற்காலத்தில் செம்புழுதி காற்றுத் துளை வழியே உள்ளே போய்ப் படியும். மழை தொடங்குமுன் திறந்து தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரம் பட்டால் அது களியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எறும்பும் பல்லியும் சூடான இடம் தேடி வரும். என் ஜேவியின் உள்ளே ஒருமுறை பல்லி முட்டை இரண்டு இருந்தது, மின்வழங்கிப் பலகைக்குப் பக்கத்தில், வடிவாக ஒதுக்கி வைத்த மாதிரி. வாரம் ஒருமுறையாவது ஓட விட்டால் ஈரம் தங்காது.

இரண்டு பெட்டி சேர்ந்துவிட்டால் எப்படி அடுக்குவது?

இரண்டிலும் முழுப் பேட் விட்டால் சேறு. ஒன்று நிற்க வேண்டும், மற்றது அசைய வேண்டும். நான் ஜேவியில் சூடான, அசையாத பேட்டை நடுப்பகுதியில் விடுகிறேன், ரிலீஸ் குறைவு. டி-550இல் பாய் இல்லாமல் மூச்சும் மினுக்கமும் மட்டும், ஒரு ஸ்தாயி மேலே, பெடலில். பாடத் தொடங்கினால் பெடல் கீழே போய்விடும், ஜேவி மட்டும் நிற்கும். மிடி வயர் கீபோர்டிலிருந்து முதல் பெட்டிக்கு, அதன் த்ரூ துளையிலிருந்து (வந்ததை அப்படியே கடத்துகிற துளை) இரண்டாவதுக்கு. இறாக்கையில் இரண்டுக்கும் நடுவில் ஒரு தட்டு இடம் வெறுமையாக விட்டிருக்கிறேன், சூடு போக. அந்த இடத்தில் மூன்றாவது பெட்டியைப் பூட்டு என்று கேட்காத தம்பி இல்லை.